ஃபகருன்னிசா எழுதிய மன்னிப்புக் கடிதம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓசூர் பாகலூர் சாலைக்குப் பின்னால் இருக்கும் வாடகை வீட்டு வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தன் பெயர் பிரியதர்ஷினி என்றும், பெங்களூருவில் காப்புரிமை வழக்குகளைப் பார்ப்பவர் என்றும் சொல்லிக்கொண்டார். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தாங்க?"

ஃபகருன்னிசா அதைப் பார்த்தார். கோடு போட்ட தாளில், சற்றே வலது பக்கம் சாய்ந்த எழுத்தில், ஐந்து வருடங்களுக்கு முன் அவரே எழுதியது.

"ஐயா, 17.12.2019 அன்று காலை ஷிஃப்டில் இரண்டாம் எண் இயந்திரத்தில் வேலை செய்தபோது, கவனக்குறைவால் கழிவு அரவையைப் புதுச் சரக்கோடு தவறுதலாகக் கலந்துவிட்டேன். இனி இப்படி நடக்காது. என்னை மன்னித்து வேலையில் தொடர அனுமதிக்க வேண்டுகிறேன்."

தாளின் மேல்மூலையில் 'சான்று 7' என்று முத்திரை. அடுத்த பக்கத்தில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, நோட்டரி கையெழுத்தோடு.

அவருக்கு முதலில் வந்தது பயம்தான். இத்தனை வருடம் கழித்து அந்தக் கலவைக்காக வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தார். கணவர் ஜுபைர் சரக்கு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தவர், ஈரக் கையோடு உள்ளே வந்து நின்றார். மகள் ஆஃப்ஷீன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

வந்தவர் சிரித்தபடி கையமர்த்தினார். பயப்பட ஒன்றுமில்லை, இந்தக் கடிதம் ஒரு பெரிய வழக்கில் முக்கியமான சான்று, இரண்டு கம்பெனிகளும் இதைத்தான் காட்டி வாதாடிக்கொண்டிருக்கின்றன என்றார்.

தன் மன்னிப்புக் கடிதத்தை வைத்து இரண்டு கம்பெனிகள் சண்டை போடுகின்றன என்பதை ஃபகருன்னிசாவால் அப்போது புரிந்துகொள்ள முடியவில்லை. நமக்கும் அது புரிய வேண்டுமானால், அந்த டிசம்பர் காலையில் நடந்ததை முதலில் சொல்லியாக வேண்டும்.

ஃபகருன்னிசாவுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. பிறந்தது கிருஷ்ணகிரியில். பத்தாவது முடித்ததும் மாம்பழக்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போனார். அங்கே கொதிக்கக் கொதிக்க மூடிய டின்கள் குளிர்நீர்த் தொட்டி வழியாக வரும். வெளியே வந்த டின்னைத் தொட்டால் சில்லென்று இருக்கும். பத்து எண்ணுவதற்குள் உள்ளிருந்து சூடு மேலேறி வந்தால், அந்த டின் மறுபடி தண்ணீருக்குள் போக வேண்டும். எட்டுப் பருவம் அவர் டின்களைத் தொட்டுக்கொண்டு நின்றார். ஒரு பொருளுக்குள் சூடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அந்தக் கைக்குத் தெரியும்.

கல்யாணமாகி ஓசூர் வந்த பிறகு, தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குருணை செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தார். முதலில் மூட்டை கட்டும் வேலை. மூன்றே வருடத்தில் இயந்திரத்துக்கு வந்துவிட்டார். பெண்களை இயந்திரத்தில் நிறுத்துவதில்லை என்றிருந்த கம்பெனி, ஆள் பற்றாக்குறையில் ஒரு நாள் நிறுத்திப் பார்த்தது. அதன்பின் காலை ஷிஃப்டில் இரண்டாம் எண் இயந்திரம் அவருடையதானது.

பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. அதனால்தான் வாணலிக்கும் குக்கருக்கும் அதில் பிடி போடுகிறோம். ஆனால் மின்வண்டியின் பேட்டரிப் பெட்டிக்குச் சூட்டை வெளியே தள்ளுகிற பிளாஸ்டிக் தேவை. உலோகத்தைப் போலக் கனக்கவும் கூடாது, மின்சாரமும் பாயக் கூடாது. அதற்காக நைலானை உருக்கி, போரான் நைட்ரைடு என்ற வெள்ளைத் தூளைச் சேர்க்கிறார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் அது மெல்லிய செதில்களாகத் தெரியும். செதில்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் சூடு தாவித் தாவிப் போய்விடும். செதில் உடைந்தால் பாதை அறுந்துபோகும். ஆகவே, ஒரு முறை இயந்திரத்தின் திருகுகளுக்குள் போய் நொறுங்கிய கழிவை மறுபடி சேர்க்கவே கூடாது. துறையின் புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. கம்பெனிச் சுவரிலும் அதைத் தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் சிவப்பில் எழுதி வைத்திருந்தார்கள்.

தினமும் காலையில் இயந்திரம் ஓடத் தொடங்கும்போது முந்தின நாளின் மிச்சம் புதுச் சரக்கோடு கலந்து வெளிவரும். இடியாப்பம் போல இழை இழையாக வந்து, தண்ணீர்த் தொட்டியில் முங்கி, வெட்டுக் கத்திக்குப் போகும். முதல் பத்து நிமிட இழைகள் கழிவு; அவற்றை அரைத்ததுதான் கழிவு அரவை. அவற்றைக் கையால் இழுத்துத் தொட்டிக்கு வெளியே போடுவது ஃபகருன்னிசாவின் வேலை. அப்படி இழுக்கும்போதுதான் அவர் கை ஒன்றைக் கவனித்தது. நல்ல சரக்கின் இழை, தண்ணீரை விட்டு வந்த பின் கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து சூடேறியது. கழிவு இழையோ சில்லென்றே இருந்தது. அதாவது, அதிலிருந்த சூடு முழுவதும் தண்ணீருக்குள்ளேயே வெளியேறிவிட்டது. எது சூட்டை வேகமாக விடவேண்டுமோ அது விடவில்லை. எதைக் குப்பை என்று ஒதுக்கினார்களோ அது விட்டது.

கை பொய் சொல்கிறதா என்று அவர் சோதித்துப் பார்க்க விரும்பினார். நம்பாமல் சோதிப்பது, சோதித்ததை எழுதி வைப்பது, மறுநாளும் அதுவே வருகிறதா என்று பார்ப்பது. இதற்குத்தான் விஞ்ஞானம் என்று பெயர். வேறு எதற்கும் இல்லை.

புதுச் சரக்கையும் கழிவையும் கரண்டிக் கணக்கில் அளந்து போட்டு, இயந்திரத்தின் வாயில் விழும் உருகிய கட்டியை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து மிதிப்பார். வடை அளவுக்குத் தட்டையாகும். டிஃபன் பாக்ஸில் சுடுதண்ணீர் ஊற்றி மூடி, மூடியின் மேல் வடையை வைத்து, வடையின் மேல் ஒரு பொட்டு தேங்காயெண்ணெய் வைப்பார். ஓசூர் குளிரில் எண்ணெய் பாட்டிலில் கல்லாக உறைந்திருக்கும். பொட்டு உருகும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். நல்ல சரக்கு நாற்பதில் உருகியது. கழிவு கலந்தது இருபத்தாறில் உருகியது. வெறும் கழிவு மட்டும் என்றால் ஐம்பதைத் தாண்டியது. இத்தனையும் தேநீர் இடைவேளையில்.

ஷிஃப்ட் சூப்பர்வைசர் மாதேஷ், மத்தூர்க்காரர், அவரைவிட ஆறு வயது இளையவர். தினமும் ஒரு முறை எட்டிப் பார்ப்பார்.

"அக்கா, வடை ரெடியா? சட்னி எங்க?"

"சட்னி உன் வூட்ல இருந்து எடுத்துகினு வா."

2018 குளிர்காலத்தில் பன்னிரண்டு வடைகள். பிப்ரவரியில் எண்ணெய் இளகிவிட்டது, சோதனை நின்றது. அடுத்த குளிர்வரை காத்திருந்தார். 2019இல் மேலும் பத்தொன்பது. எல்லாவற்றையும் ஆஃப்ஷீனின் பழைய கணக்கு நோட்டில், பயன்படுத்தாத பக்கங்களில் எழுதினார். தேதி, எத்தனை கரண்டி புதுச் சரக்குக்கு எத்தனை கரண்டி கழிவு, எத்தனை எண்ணிக்கை. பதினான்காம் பக்கத்தில் நான்குக்கு ஒன்று என்ற அளவைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். அதற்குக் கூடினாலும் குறைந்தாலும் எண்ணிக்கை ஏறியது. பெரிய செதில்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் உடைந்தவை போய் உட்கார்கின்றன என்று அவரே யூகித்து, அதையும் ஒரு வரியாக எழுதியிருக்கிறார்.

மாதேஷிடம் இரண்டு முறை சொன்னார். அவர் சிரித்துவிட்டு, மேலே சொன்னால் தன்னையும் சேர்த்துத் துரத்துவார்கள் என்றார். டிசம்பர் பதினேழாம் தேதி ஃபகருன்னிசா யாரையும் கேட்காமல், ஒரு முழுத் தொகுதிச் சரக்கில் நான்குக்கு ஒன்று கலந்து ஓட்டினார்.

மாலையில் சோதனைக்கூடத்தில் அளவு எடுத்தவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தார்கள். வழக்கமான அளவைவிட ஒன்றரை மடங்கு காட்டியது. விசாரித்ததில் கழிவு கலந்த விஷயம் வெளிவந்தது. விதிமீறல், தணிக்கை, வாடிக்கையாளருக்கு என்ன பதில் என்று ஒரே களேபரம்.

இந்தப் பகுதித் தொழிற்சாலைகளில் பத்து வருடம் வேலை பார்த்த எவருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதத் தெரியும். தாமதமாக வந்தாலும் அதேதான், அச்சு உடைந்தாலும் அதேதான். வாசகம் மாறாது. கவனக்குறைவால், தவறுதலாக, இனி நடக்காது. அன்று மாதேஷ் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"அக்கா, யோசிச்சு பண்ணேன்னு மட்டும் எழுதிடாதீங்க. யோசிச்சு பண்ணா பெரிய தப்பு. தெரியாம பண்ணா சின்னது."

அவர் கெட்டவர் இல்லை. தொழிற்சாலையின் நியாயத்தை உள்ளபடி சொன்னார். தொழிலாளி யோசித்தால் குற்றம், யோசிக்காமல் செய்தால் மன்னிப்பு. ஃபகருன்னிசா வேலையைக் காப்பாற்றிக்கொள்ள 'தவறுதலாக' என்று எழுதினார். மூன்று நாள் வெளியே நின்றுவிட்டு மறுபடி இயந்திரத்துக்கு வந்தார். ஒரு கண்டுபிடிப்புக்கு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டோம் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, தொழில்நுட்ப இயக்குநர் ராஜப்பன் ஒரு புதிய செய்முறை அட்டையைக் கொண்டுவந்து இயந்திரத்தில் ஒட்டினார். அதில் கழிவு அரவைக்கு 'இரண்டாம் பாகம்' என்று மரியாதையான பெயர். அளவு, நான்குக்கு ஒன்று. ஃபகருன்னிசா சந்தோஷப்பட்டார். தான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள் என்று வீட்டில் சொன்னார். சுவரிலிருந்த சிவப்பு எழுத்தை வெள்ளை அடித்து மறைத்தார்கள். அந்தச் சரக்கை அவரே நான்கு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள் என்பதும், கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும் இடத்தில் ராஜப்பன் என்று மட்டும் இருக்கிறது என்பதும் அந்த ஞாயிற்றுக்கிழமை பிரியதர்ஷினி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

ஆஃப்ஷீன்தான் கேட்டாள், அப்படியானால் இப்போது எதற்கு வழக்கு என்று.

பிரியதர்ஷினி பொறுமையாக விளக்கினார். அவருடைய கட்சிக்காரர் பெங்களூரு பக்கத்துப் பெரிய நிறுவனம். அவர்களும் இதே சரக்கைச் செய்ய விரும்புகிறார்கள், காப்புரிமை தடுக்கிறது. ஆகவே அதை ரத்து செய்யக் கேட்டு எதிர்ப்பு மனு போட்டிருக்கிறார்கள். அந்தத் துறையில் தேர்ந்த ஒரு சாதாரண ஆளுக்கு எளிதாகத் தோன்றியிருக்கக்கூடிய ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது என்பது சட்டம். இது அப்படி எளிதில் தோன்றக்கூடியதுதான் என்பது அவர்கள் வாதம். கடிதம் உண்மை, தவறுதலாகக் கலந்ததுதான் என்று ஃபகருன்னிசா ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அவ்வளவுதான்.

ஃபகருன்னிசா மெதுவாகச் சொன்னார்: "அது நான் கண்டுபிடிச்சதுங்க."

பிரியதர்ஷினியின் முகம் மலர்ந்தது. "அதையேதாம்மா நாங்களும் சொல்றோம். பத்தாவது படிச்ச ஒரு ஆபரேட்டருக்கு வேலைக்கு நடுவுல தானா வந்துடுச்சுன்னா, அது யாருக்கும் வந்துடும். நீங்க செஞ்சதாலதான் அது கண்டுபிடிப்பே இல்லன்னு ஆகுது."

அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நல்ல செய்தி சொல்வது போலத்தான் சொன்னார். ஜுபைரின் ஈரக் கையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எவருக்கும் தோன்றக்கூடியதை ஒருவர் வேலி போட்டு அடைக்கக் கூடாது என்பது நியாயமான விதி. ஆனால் அந்த விதி, பொருளைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. செய்தவர் எந்த வகுப்புவரை படித்தார், சீருடை என்ன நிறம் என்று அது கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விக்கு இரு தரப்பும் முந்திக்கொண்டு பதில் சொன்னார்கள் என்பதுதான் கொடுமை.

இரு தரப்பும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பிரியதர்ஷினி விட்டுப்போன காகிதங்களில் கம்பெனியின் பதில் மனுவும் இருந்தது. கிருஷ்ணகிரியில் கல்லூரி இரண்டாம் வருடம் வேதியியல் படிக்கும் ஆஃப்ஷீன், அகராதியை வைத்துக்கொண்டு மாலைவரை அதைப் படித்தாள். கடிதத்தை முதலில் தாக்கல் செய்ததே கம்பெனிதான். கழிவைக் கலப்பது தவறு என்றுதான் இந்தத் துறையில் எல்லோரும் நினைத்தார்கள், கலந்த தொழிலாளியே அதைத் தவறு என்று நினைத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார், அந்தத் தவறுக்குள் ஒளிந்திருந்த உண்மையைக் கண்டவர் ராஜப்பன் ஒருவரே என்று அதில் எழுதியிருந்தது.

"ம்மா, ரெண்டு பேரும் ஒரே வார்த்தையத்தான் புடிச்சிகினு இருக்காங்க," என்றாள் ஆஃப்ஷீன்.

"எந்த வார்த்தை?"

"தவறுதலாக."

ஜுபைர் பாயில் சாய்ந்தபடி சொன்னார்: "சண்ட அவங்களுக்குள்ள. தப்பு மட்டும் உன்னுது."

ஃபகருன்னிசா எழுந்துபோய் பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தக் கணக்கு நோட்டை எடுத்துவந்தார். முப்பத்தொரு வடைகளும் அதில் இருந்தன. தனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று என்று அன்று முடிவு செய்தார். பெயர் வேண்டாம், பரிசு வேண்டாம். அந்த 'தவறுதலாக' மட்டும் போகவேண்டும். தான் யோசித்துத்தான் செய்தோம் என்று எங்காவது ஒரு காகிதத்தில் இருக்கவேண்டும்.

மறுநாள் அவர் கேட்பதற்கு முன்பே ராஜப்பன் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். மேசையில் ஒரு பிரமாணப் பத்திரம் தயாராக இருந்தது. கடிதம் உண்மை, தவறுதலாகக் கலந்ததுதான் என்ற அதே வாசகம்தான் அதிலும் இருந்தது. கம்பெனியே இதை நம்பித்தான் இருக்கிறது, நூற்றிருபது குடும்பங்கள் என்றார். ஃபகருன்னிசா கையெழுத்துப் போடவில்லை. நோட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

ராஜப்பன் பொம்மை ஒட்டிய அட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திறந்தார். மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. பதினான்காம் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நான்குக்கு ஒன்று என்பதற்கு வர, விலை உயர்ந்த கருவிகளோடு அவருக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. அது தேங்காயெண்ணெய்ப் பொட்டு வைத்து எடுத்த கணக்காக, அவர் தொடங்குவதற்கு முன்பே எழுதப்பட்டு, வட்டம் போட்டு அங்கே கிடந்தது. அவர் நேர்மையாக அதிர்ந்தார் என்றுதான் சொல்லவேண்டும். கடிதத்தை அவர் உண்மை என்றே நம்பியிருந்தார்.

"இதை வேற யார் பார்த்திருக்காங்க?"

"எங்க வூட்ல மட்டும் சார்."

அவர் நோட்டை மூடினார். "இது உள்ள போனா பேட்டன்ட் நிக்கும்மா. ரெண்டு குளிர்காலம் உழைச்சுதான் வந்திருக்குன்னு யாரும் மறுக்க முடியாது." நோட்டின் மேல் கையை வைத்தார். "ஆனா என் பேர்ல நிக்காது."

"பேரு உங்களுதே இருக்கட்டும் சார். தவறுதலா பண்ணலன்னு மட்டும் எழுதிடுங்க."

அப்படி எழுத முடியாது என்று அவர் சொன்னார். அது தவறுதல் இல்லையென்றால் கண்டுபிடித்தவர் ஃபகருன்னிசா. அப்புறம் தான் இதுவரை சத்தியம் செய்து சொன்னதெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டார். கேள்வியைத் தன்னிடமே கேட்டது போல இருந்தது. நோட்டை ஃபகருன்னிசாவின் பக்கமாகத் தள்ளி, இதை இனி இங்கே எடுத்துவர வேண்டாம் என்றார்.

தன் வழக்கைக் காப்பாற்றக்கூடிய ஒரே சான்றை ஒரு மனிதர் தன் கையாலேயே திருப்பிக் கொடுத்தார். படித்த மனிதர். தோற்றாலும் தோற்கலாம், இயந்திரத்தில் நிற்கிற ஒரு பெண் யோசித்தாள் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ஆஃப்ஷீன் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து பிரியதர்ஷினிக்கு அனுப்பினாள். எதிர்த் தரப்பாவது உண்மையைச் சொல்லட்டும் என்பது அவள் எண்ணம். ஒரு மணி நேரத்தில் அழைப்பு வந்தது. பிரியதர்ஷினியின் குரலில் அன்றைய உற்சாகம் இல்லை.

"இது எங்களுக்கு எதிரான சான்றுங்க. முப்பத்தொரு தடவை முயற்சி பண்ணித்தான் வந்துச்சுன்னா, அது எளிதா தோணக்கூடியது இல்லன்னு ஆயிடும். நான் இதைப் பார்க்கலன்னு வச்சுக்கங்க."

தாங்களே நேரடியாக அனுப்பினால் என்ன என்று ஆஃப்ஷீன் கேட்டாள். வழக்கில் காகிதம் போடக்கூடியவர்கள் இரண்டு தரப்பு மட்டும்தான், ஏதாவது ஒரு தரப்பின் சாட்சியாக வந்தால்தான் நோட்டு உள்ளே போகும் என்று அவர் சொன்னார். அன்று சொன்ன வாக்கியத்துக்காக வருத்தப்படுவதாகக் கடைசியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இப்படியாக, அந்தக் கலவையைப் பற்றி உலகத்தில் இருந்த ஒரே உண்மையான ஆவணம் இரண்டு பேருக்கும் வேண்டாததாகிவிட்டது. மாறாக, பயத்தில் எழுதிய ஒரு பொய்யை இருவரும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

ஃபகருன்னிசா எந்தப் பிரமாணப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் அவரை இயந்திரத்திலிருந்து எடுத்து, பதினைந்து வருடங்களுக்கு முன் தொடங்கிய மூட்டை கட்டும் இடத்துக்கே அனுப்பினார்கள். காரணம் கேட்டபோது, வயதாகிறது, ஓய்வாக இருக்கட்டும் என்று பதில் வந்தது. அவருடைய இயந்திரத்தில் புதிதாக வந்த ஆள் நின்றார்.

2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. மாதேஷ்தான் அதை ஆஃப்ஷீனின் போனுக்கு அனுப்பினார். காப்புரிமை ரத்து. விசாரித்த அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அவர் முன்னால் இருந்த காகிதங்களை வைத்து அவர் எழுதினார். பெரிய துகள்களுக்கு நடுவே சிறியவை இடம் நிரப்பும் என்பது ஏற்கெனவே பல கட்டுரைகளில் உள்ளது. கழிவைச் சேர்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் தடையாக இருந்தது, அதையும் ஒரு தொழிலாளி அன்றாட வேலையின் போக்கிலேயே தாண்டிவிட்டார். அதைச் சொல்லும் பத்தொன்பதாம் பத்தியில் ஃபகருன்னிசாவின் பெயர் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அரசாங்க உத்தரவில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. அடுத்த வார்த்தைகள்: 'எந்தச் சிந்தனையும் இன்றி, தவறுதலாக.'

ஆஃப்ஷீன் அதைத் தமிழில் சொல்லி முடித்தாள். ஃபகருன்னிசா கேட்டார்:

"நெஜமாவே தவறுதலாதான் பண்ணிட்டனோ?"

ஆஃப்ஷீன் அம்மாவின் கையைப் பார்த்தாள். நோட்டு பீரோவில் இருக்கிறது, எழுதியது இந்தக் கை. ஆனாலும் கடிதம், மனு, பதில் மனு, தீர்ப்பு என்று நான்கு இடங்களில் நான்கு விதமானவர்கள் சொன்ன பிறகு, அம்மா தன் அறிவையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு மனுஷியிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவர் நோட்டை எடுத்துக் காட்டச் சொல்லவில்லை. இரண்டு மாதம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு மதியம், மூட்டை தைத்துக்கொண்டிருந்தபோது பிரியதர்ஷினி அழைத்தார். சுற்றி வளைத்துத்தான் பேசினார். அவருடைய கட்சிக்காரர்கள் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் உள்ள ஆலையில் அந்தச் சரக்கைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். காப்புரிமையில் எழுதியிருந்தபடி அப்படியே செய்கிறார்கள். இரண்டு மாதமாகச் சூடு கடத்தும் அளவு ஏறவே மாட்டேன் என்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒருவரை வரவழைத்தும் பார்த்துவிட்டார்கள்.

"ஒரே ஒரு நாள் வந்து பார்த்துட்டுப் போவீங்களா? காரணம் என்னன்னு உங்களுக்குத் தெரியும்னு நினைக்கிறேன்."

ஃபகருன்னிசாவுக்குக் காரணம் தெரியும். அது இருபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. கழிவை அன்று காலையிலேயே சேர்த்துவிட வேண்டும். ஒரு இரவு கிடந்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும், வடை நாற்பதுக்கே திரும்பிப் போகும். ராஜப்பன் அதைக் காப்புரிமையில் எழுதவில்லை, ஏனென்றால் அவருக்கே அது தெரியாது. அவர் ஆலையில் இயந்திரத்தில் நின்றவர் தினமும் அன்றைய கழிவையே போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்த ஆலையிலும் புது ஆள் வந்த பிறகு மூட்டைகள் திரும்பி வரத் தொடங்கியிருந்தன. தைத்து அனுப்பிய மூட்டைகளே மறுபடி தன் முன்னால் வந்து நிற்பதை ஃபகருன்னிசா ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. தீர்ப்பு வந்த நாளிலிருந்து அவர் சிரித்ததில்லை.

"யாருக்கும் தானா வர விஷயம்தான கண்ணு," என்றார். "யாரையாவது கேளுங்க."

போனை வைத்தார். தவறுதலாகச் செய்தது என்றால் தவறுதலாக அங்கேயும் வந்திருக்க வேண்டுமே. எந்தச் சிந்தனையும் இல்லாமல் வருவது என்றால் வெளிநாட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை? தர்க்கம் எளிது. ஐந்து வருடத்தில் ஒருவர்கூட அந்த வழியாக யோசிக்கவில்லை. மூட்டை ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர் யோசித்தார்.

மறுநாள் காலை, ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் மாதேஷின் மேசைக்குப் போனார். கோடு போட்ட தாள், வலது பக்கம் சாய்ந்த அதே எழுத்து. இந்தமுறை யாரும் வாசகம் சொல்லித் தரவில்லை.

"ஐயா, 17.12.2019 தேதியிட்ட என் மன்னிப்புக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அதில் எழுதியது பொய். அன்று நான் கவனத்தோடு, தெரிந்தே, முப்பத்தொரு முறை சோதித்த பிறகு கலந்தேன். அது தவறு இல்லை. ஃபகருன்னிசா."

மாதேஷ் இரண்டு முறை படித்தார். அன்று தாளையும் பேனாவையும் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தானே.

"அக்கா, இதுக்கு இப்ப இன்னா பிரயோஜனம்? கேஸு முடிஞ்சிடுச்சு."

"கேஸு அவங்களுது. கடுதாசி என்னுது."

"வேலைக்கு வம்பு வந்துடும்க்கா."

வரட்டும் என்றார் ஃபகருன்னிசா. மாதேஷ் இழுப்பறையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"எந்த ஃபைல்ல வெக்கிறது? இங்க மன்னிப்புக்கு மட்டும்தான் ஃபைல் இருக்குது."

"அதுலயே வை. மொத கடுதாசிக்கு மேல வை."

மாதேஷ் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை எடுத்து, மையில் அழுத்தி, தாளிலும் அதன் நகலிலும் குத்தினார். தேதியைக் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நகலை வாங்கிய ஃபகருன்னிசா அதை மடிக்கவில்லை. பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து, முப்பத்தோராவது வடைக்கு அடுத்து வெறுமையாக இருந்த பக்கத்தில் வைத்து மூடினார். சங்கு ஊதியது. மூட்டைகள் இருக்கும் பக்கம் நடந்தார்.